முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் சித்தப்பா

இரங்கல் கூட்டம் என்றால் ஒரு போட்டோ வேண்டும். போட்டோவுக்கு மாலை வேண்டும். பக்கத்தில் நாற்காலிகள் வேண்டும், அவற்றில் உட்கார ரிட்டையர்டு தாசில்தார்கள் வேண்டும். 1946-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் சோலையப்பனுக்கு இரங்கல் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. மாலை வந்துவிட்டது. தாசில்தாரும் வருவதாகச் சொல்லிவிட்டார். போட்டோ மட்டும் கிடைக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் அட்மிஷன் குமாஸ்தாவாக இருந்து, சுற்றுவட்டாரக் கிராமங்களையெல்லாம் கல்லூரிப் படி ஏற வைத்த மனிதர் ஒரு தடவைகூடக் காமிராவுக்கு முன்னால் நின்றதில்லை. வருஷா வருஷம் எடுக்கிற குரூப் போட்டோவில் அவருடைய நாற்காலி காலியாக இருக்கும். அந்த நேரத்தில் அவர் ஜன்னலில் யாருக்காவது ஃபாரம் பூர்த்தி செய்துகொண்டிருப்பார்.

பிரின்சிபாலுக்கு ஒரு யோசனை தோன்றியது. பிரின்சிபால்களுக்கு யோசனை தோன்றினால் ஹெட்கிளார்க்குகளுக்குத்தான் வேலை.

"போட்டோ இல்லேன்னா போகட்டும், நாகராசு. சோலையப்பன் எழுத்து முத்து முத்தா இருக்குமே. அவர் எழுதின தபால் ரிஜிஸ்தர் ஒண்ணை நாற்காலியில வச்சு மாலை போட்டுடலாம். நல்லதாப் பார்த்து எடுத்து வைங்க."

ஹெட்கிளார்க் நாகராசு ரிக்கார்டு அறைக்குப் போனார். 1937 வரைக்கும் உள்ள ரிஜிஸ்தர்களைக் கறையான் ஒரு வரி விடாமல் படித்து முடித்திருந்தது. கல்லூரியில் அவ்வளவு அக்கறையாகப் படித்தது கறையான் ஒன்றுதான். 1939-லிருந்து வந்ததெல்லாம் யுத்தகாலக் காகிதம், தொட்டால் பொடியாகிறது. தோல் அட்டையோடு முழுசாக இருந்தது ஒன்றே ஒன்று. 1938.

வேறு ஏதாவது கிடைக்குமா என்று நாகராசு அலமாரியை மறுபடியும் துழாவினார். அந்த ரிஜிஸ்தரில் 614-ஆம் நம்பர் தபாலாகப் பதிவாகியிருப்பது ஒரு மொட்டைக் கடுதாசி. சோலையப்பன் மேல் புகார் சொல்லி வந்தது. எழுதியவர் நாகராசு. அது ஒருத்தருக்கும் தெரியாது என்று எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் 'அனுப்பியவர்' என்று ஒரு கட்டம் உண்டு. சோலையப்பன் எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. அதில் அவர் என்ன எழுதினார் என்று திறந்து பார்க்கும் தைரியம் இந்த எட்டு வருஷத்தில் நாகராசுவுக்கு வரவில்லை. இன்று அதற்கு மாலை போட்டுச் சபையில் உட்கார வைக்கப் போகிறார்கள். இரங்கல் தீர்மானத்தை வாசிக்கப் போவதும் அவர்தான்.

கலங்கிப் போய் ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு வந்தால், அட்மிஷன் ஜன்னலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். செவந்தி என்று பெயர், அரிமளம். கடலை ஆய்ந்து ஆய்ந்து நகக்கண்ணெல்லாம் செம்மண். மகள் அமராவதி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். மகளின் ஃபாரத்தைச் செவந்தி முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தாள்.

"நேத்தோட தேதி முடிஞ்சு போச்சும்மா."

"நேத்தே கெளம்பிட்டேங்க. கரியில ஓடுற பஸ்ஸு நடுவழியில நின்னுபோச்சு. எல்லாரும் எறங்கித் தள்ளுனோம். அசையல. திரும்ப வீட்டுக்கு நடந்து போயி, இன்னைக்கு வாரேன்."

"பஸ்ஸு நின்னா அதுக்குக் காலேஜு என்ன பண்ணும்? கார்டியன் கட்டமும் காலியாக் கெடக்கு. டவுனுல சொந்தக்காரங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க. சோலையப்பன்னு ஒருத்தரு இருக்காரு, அவருகிட்டப் போனாப் போதும்னு ஊர்ல சொன்னாக."

"அவரு எறந்து போயி ஒரு மாசம் ஆச்சு. சாயங்காலம் இங்க அவருக்குத்தான் கூட்டம்" என்று சொல்லி, நாகராசு ஃபாரத்தை ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினார். ஏழைகளுக்குக் கதவு திறந்துவிட்ட மகானுக்கு இரங்கல் தீர்மானம் எழுதுகிற அவசரத்தில் இருந்தார், பாவம்.

சோலையப்பன் மகான் ஒன்றுமில்லை. நல்ல கோபக்காரர். மூக்குப்பொடி போடுவார், போட்டுவிட்டுப் பிரின்சிபால் அறைக்குள் போய்த் தும்முவார். அவருக்கு வாழ்க்கையில் இருந்த கொள்கை ஒன்றே ஒன்று. "வந்த காகிதத்தைத் திருப்பாதே. மொதல்ல நம்பரைப் போடு. சரியா தப்பாங்கிறதை அப்பறம் பாப்போம்." கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிய விண்ணப்பம் வந்தது, நம்பர் போட்டார். மழையில் நனைந்து பேர் மட்டும் மிச்சமிருந்த விண்ணப்பம் வந்தது, அடுப்படியில் காயவைத்து நம்பர் போட்டார். நம்பர் விழுந்த காகிதத்தைக் கிழித்துப் போட எந்தப் பிரின்சிபாலுக்கும் அதிகாரம் கிடையாது. காரணம் எழுதித்தான் தள்ள வேண்டும், காரணம் எழுதுவதற்கு எல்லாப் பிரின்சிபாலுக்கும் சோம்பல். இந்த ஒரு சோம்பலை நம்பியே சோலையப்பன் நூற்றுக்கணக்கான பையன்களைச் சேர்த்துவிட்டார்.

ஜூன் மாதத்தில் அவர் நாற்காலியில் உட்காரவே மாட்டார். பஸ் ஸ்டாண்டில் நிற்பார். மடிப்புக் கலையாத புதுச் சட்டையோடு எவனாவது முழித்துக்கொண்டு போனால், "அட்மிஷனுக்கா வந்தே? அங்கிட்டு எங்க போறே, இங்கிட்டு வா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். தகப்பன்மார்களுக்குப் பிள்ளை பிறந்த தேதி தெரியாது. கண்மாய் உடைந்த வருஷம் என்பார்கள். எந்த ஊர்க் கண்மாய் எந்த வருஷம் உடைந்தது என்று எழுதிய நோட்டு ஒன்று சோலையப்பனிடம் இருந்தது. அப்படி ஒரு நோட்டு மராமத்து இலாகாவிடம்கூட இல்லை. இருந்தால் கண்மாய் ஏன் உடையப் போகிறது?

1927-இல் கல்லூரிக் கமிட்டி ஒரு விதி கொண்டு வந்தது. வெளியூர்ப் பையனைச் சேர்க்க வேண்டுமானால், டவுன் எல்லைக்குள் குடியிருக்கும் உறவினர் ஒருவர் கார்டியனாகக் கையெழுத்துப் போட வேண்டும். பையன்களின் ஒழுக்கத்தைக் காப்பாற்ற என்று சொன்னார்கள். டவுனில் சொந்தக்காரர் இல்லாதவன் ஒழுக்கம் கெட்டவன் என்று கமிட்டிக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. கமிட்டியில் இருந்த எல்லாருக்கும் டவுனில் வீடு இருந்தது.

அந்த விதியில் முதலில் போய் முட்டியவன் குடுமியான்மலையிலிருந்து வந்த ஒரு பையன். தகப்பன் தரிசுக்காட்டில் வரகு விதைக்கிறவர், கூடவே வந்து ஜன்னலுக்கு வெளியே கை கட்டி நின்றார். கார்டியன் கட்டம் காலி. காலிக் கட்டத்தைப் பார்த்தால் சோலையப்பனுக்குக் கை அரிக்கும். தன் பெயரையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். உறவுமுறை என்று அடுத்த கட்டம் இருந்தது. இங்கிலீஷில் 'அங்கிள்' என்று எழுதினால் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமனா என்று விளங்காது, ரிக்கார்டு தெளிவாக இருக்க வேண்டும் என்று அதை மட்டும் தமிழில் 'சிற்றப்பா' என்று எழுதினார். பொய் எழுதினாலும் தெளிவாக எழுதுகிறவர்.

"டேய், இன்னையிலேருந்து நான் ஒனக்குச் சித்தப்பா. கூப்பிட்டுப் பழகிக்க. பிரின்சிபாலுக்கு முன்னால 'சார்'னு ஒளறிடாதே" என்றார்.

பையன் தாழ்வாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து, "சித்தப்பா, சித்தப்பா" என்று முப்பது தடவை சொல்லிப் பழகினான். அந்தப் பையன்தான் நாகராசு.

அதற்குப் பிறகு கட்டம் காலியாக வந்தவர்களுக்கெல்லாம் சோலையப்பன் சித்தப்பா ஆனார். கார்டியன் என்றால் வாரம் ஒரு தடவை பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். மனைவி சொர்ணவல்லி ஒரு படைக்குச் சமைப்பாள், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே பரிமாறுவாள். ஊரான் பிள்ளைகளெல்லாம் இன்டர்மீடியட் தேறின. அவருடைய சொந்தப் பிள்ளைகள் மூன்று பேரும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "அதுகளுக்கு நல்ல கார்டியன் அமையலை" என்பார்.

நாகராசுவும் தேறினார். 1932-இல் சோலையப்பன் பிரின்சிபாலிடம் நாலு தடவை தும்மி, அவருக்கு அதே ஆபீஸில் குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த மறுவாரமே சித்தப்பா 'மிஸ்டர் சோலையப்பன்' ஆகிவிட்டார். ஆபீஸ் என்றால் ஒரு முறை இருக்கிறதல்லவா? ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போவதும் நின்றது. உத்தியோகஸ்தன் பையன்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

1938-இல் ஹெட்கிளார்க் நாற்காலி காலியாயிற்று. சீனியாரிட்டிப்படி அது சோலையப்பனுக்கு. அடுத்த பெயர் நாகராசு. சோலையப்பன் ரிட்டையராக இன்னும் ஆறு வருஷம் இருந்தது. அந்த ஆறு வருஷம் நாகராசுவுக்கு ஆயுள் தண்டனை மாதிரித் தோன்றியது.

மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் எழுதினார். தபால் முத்திரை டவுன் முத்திரையாக இருக்கக்கூடாது என்று வயிற்றுவலி லீவு போட்டு அரிமளம் வரை பஸ் ஏறிப் போய்ப் பெட்டியில் போட்டார். கடுதாசி நன்றாகவே இருந்தது. 'முப்பத்தேழு மாணவர்கள், பதினொரு சாதி, மூன்று மதம், எல்லாருக்கும் ஒரே சித்தப்பா! இது எந்த தேசத்து உறவுமுறை?' என்று கேட்டிருந்தார். முப்பத்தேழு பேரின் பெயரையும் ஊரையும் வரிசையாக எழுதிப் பட்டியலாக இணைத்திருந்தார். கீழே 'உண்மை விளம்பி' என்று கையெழுத்து. எல்லா மொட்டைக் கடுதாசியையும் எழுதுகிறவர் அந்த ஒருவர்தானே.

தபால் பிரிப்பது சோலையப்பன் வேலை. எதிர் மேஜையில் நாகராசு பேனா நிப்பைத் துடைப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். சோலையப்பன் கடுதாசியைப் படித்தார். பட்டியலை விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தால் கேட்க ஆளில்லை. ஆனால் வந்த காகிதத்துக்கு நம்பர் போட வேண்டுமே. 614 என்று போட்டு, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, தன்மேல் வந்த புகாரைத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் பிரின்சிபால் மேஜையில் வைத்தார்.

அப்போதைய பிரின்சிபால் கண்டிப்பானவர். முப்பத்தேழு பேரில் இன்னும் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரையும் நீக்கிவிடப் போவதாகச் சொன்னார்.

"விதியில உறவினர்னு இருக்கு, சார். ரத்த உறவுன்னு இல்லை" என்றார் சோலையப்பன். "அவங்க என்னைச் சித்தப்பான்னு கூப்பிடுறாங்க. நானும் ஏன்டான்னு கேக்குறேன். ஞாயித்துக்கெழமை சோறு போட்டுத் திட்டி அனுப்புறேன். சொந்தச் சித்தப்பன் இதுக்கு மேல என்ன சார் செய்யிறான்?"

ஒன்பது பேரும் வரிசையாக வந்து பிரின்சிபால் முன்னால் "சித்தப்பா" என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். கடைசியாக நின்ற ராவுத்தர் வீட்டுப் பையன் மட்டும் பயத்தில் தன் வீட்டு வழக்கப்படி "சாச்சா" என்றான். பிரின்சிபால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பையன்கள் தப்பித்தார்கள். சோலையப்பனுக்கு இனி எந்தக் காலத்திலும் பதவி உயர்வு கிடையாது என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவுக்கும் அவரே நம்பர் போட்டார்.

மறுநாள் நாகராசு ஹெட்கிளார்க் நாற்காலிக்கு வந்தபோது, சோலையப்பன் எழுந்து நின்று, "வாங்க, ஹெட்கிளார்க் சார்" என்றார். இருபது வயது மூத்தவர். ஆறு வருஷமும் தினம் காலையில் அப்படியே எழுந்து நின்றார். கடுதாசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாகராசு சத்தியம் செய்து மறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம். மத்தியானம் நாகராசு ஒரு முடிவோடு வீட்டிலிருந்து திரும்பினார். சட்டைப் பையில் சவரம் செய்கிற பிளேடு. ரிஜிஸ்தரில் ஒரு தாளை நறுக்கி எடுக்க எத்தனை நேரம் ஆகும்? ஆனால் பியூன் திருப்பதி அதற்குள் ரிஜிஸ்தரைத் தன் வசம் எடுத்துக்கொண்டிருந்தான். அட்டையைத் துடைத்து, சந்தனம் குழைத்து, நாலு மூலையிலும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். திருப்பதி, சோலையப்பன் காலத்து ஆள்.

"திருப்பதி, போயி வெத்தலைபாக்கு வாங்கிட்டு வா."

"வாங்கியாச்சுங்க."

"சோடா?"

"அதுவும் வந்துருச்சுங்க. நான் ஐயா பக்கத்துலயே இருக்கேனுங்க. இன்னைக்கு ஒருநா தானே."

ஐயா என்று அவன் சொன்னது ரிஜிஸ்தரை. நாகராசு அவனை என்னதான் விரட்டினாலும் பிரயோஜனம் இல்லை. கடைசியில் ஆபீஸ் சிவப்பு நாடாவை எடுத்து ரிஜிஸ்தரைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, ஏழு முடிச்சுப் போட்டு இறுக்கினார். அதன்மேல் மாலை விழுந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது. மாலை போட்ட பிறகு யாரையும் திறந்து பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

நாலு மணிக்குக் கூட்டம். ரிட்டையர்டு தாசில்தார் அடைக்கலம் தலைமை. "சோலையப்பனுக்கு உத்தியோக நுணுக்கங்களைக் கற்றுக் கொடுத்தவனே நான்தான்" என்று ஆரம்பித்தார். உண்மைதான். இருப்பிடச் சான்றில் ஒரு கையெழுத்துக்காகச் சோலையப்பனை ஏழு தடவை நடக்கவிட்டவர். பொறுமை என்ற நுணுக்கத்தை வேறு யார் கற்றுக் கொடுத்திருக்க முடியும்? அடுத்து ஒரு பேராசிரியர் கிரேக்க நாட்டில் கல்வி வளர்ந்த விதத்தை முக்கால் மணி நேரம் சொன்னார். சோலையப்பன் அந்தப் பக்கம் போனதே இல்லை என்பதால், கடைசி வரை அவர் பெயர் அதில் வரவில்லை. கமிட்டி அங்கத்தினர் ஒருவர், "ஏழைகளுக்கு இந்தக் கல்லூரியின் கதவுகளை அகலத் திறந்து வைத்தோம்" என்று பேசிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார்டியன் விதியை முன்மொழிந்தவர் அவர்தான்.

கடைசி பெஞ்சில் சொர்ணவல்லி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழைப்பு அனுப்ப ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை, திருக்கோகர்ணத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். அவள் பக்கத்தில் காலையில் ஜன்னலில் நின்ற செவந்தி. அழுதுகொண்டு வெளியே போனவளைத் திருப்பதிதான், "சோலையப்பன் வீடுன்னு கேட்டுப் போ ஆத்தா, ஒரு வா சோறாவது கெடைக்கும்" என்று அனுப்பியிருந்தான்.

தீர்மானம் வாசிக்க நாகராசு எழுந்த நேரத்தில், அடைக்கலம் கையை உயர்த்தினார். "முதலில் அன்னாருடைய திருக்கரத்தால் எழுதிய எழுத்தை நாம் பார்க்க வேண்டாமா? ரிஜிஸ்தரைத் திறந்து ஒரு பக்கம் படியுங்கள்!"

திருப்பதி மாலையைக் கழற்றினான். நாடாவை அவிழ்க்கப் பார்த்தான். ஏழு முடிச்சும் நகத்துக்கு மசியவில்லை. "ஹெட்கிளார்க் ஐயா சட்டைப் பையில பிளேடு இருக்குங்க" என்று சபையைப் பார்த்துச் சொன்னான். மெல்லிய ஜிப்பா, வெளியே தெரிந்திருக்கிறது. நாகராசு தன் பிளேடால் தானே நாடாவை அறுக்க வேண்டியதாயிற்று.

ஏதாவது ஒரு ஜனவரிப் பக்கத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அப்படித்தான் நினைத்தார். விரல் கேட்கவில்லை. எட்டு வருஷமாகப் போகத் துடித்த இடத்துக்கு, ஆகஸ்டு மாதத்துக்கு, அதுவாகப் போய்விட்டது. 614. சோலையப்பனின் முத்து எழுத்து. தேதி, ஊர் எல்லாம் இங்கிலீஷில். ஒரு கட்டத்திலும் குறிப்பிலும் மட்டும் தமிழ்.

அனுப்பியவர்: என் மூத்த பிள்ளை, கார்டியன் மூலமாக.

பொருள்: கார்டியன் மேல் புகார். இணைப்பு, பட்டியல் ஒன்று, பெயர்கள் 37.

குறிப்பு: பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. மொத்தம் 38.

நாகராசு அந்த எண்ணை மறுபடி படித்தார். முப்பத்தேழு பேரைத் தேடித் தேடி எழுதினாரே, 1927-இல் முதல் ஆளாகச் சேர்ந்த தன் பெயரை எழுதவில்லை. ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைத்து விட்டதுகூட இல்லை. தான் அந்தப் பட்டியலைச் சேர்ந்தவன் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இடது கை காட்டிக் கொடுக்கவில்லை, அரிமளத்து முத்திரை காட்டிக் கொடுக்கவில்லை. பட்டியலை இரண்டு தடவை எண்ணிய அந்த நிமிஷமே சோலையப்பனுக்குத் தெரிந்துபோயிருக்கிறது. தெரிந்த பிறகுதான் தினம் காலையில் எழுந்து நின்றிருக்கிறார். நாகராசு தன் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

"படியுங்கள், படியுங்கள்" என்றார் அடைக்கலம்.

படித்தார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. எழுத்து அழகாக இருப்பதாகச் சிலர் தலையாட்டினார்கள்.

"இந்த மொட்டைக் கடுதாசிய எழுதினது நான்தான்" என்றார் நாகராசு.

பிரின்சிபால் அடைக்கலத்தைப் பார்த்தார். பிறகு அடைக்கலம் தட்டுத் தடுமாறி எழுந்தார். "ஆஹா! என்ன அடக்கம்! என்ன உருக்கம்! இந்தப் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார் பாருங்கள், நம் ஹெட்கிளார்க். ஒரு விதத்தில் நாம் எல்லாருமே அந்தக் கடுதாசியை எழுதியவர்கள்தான்!"

கைதட்டல் அதிர்ந்தது.

"இல்லைங்க, நெசமாவே நான்தான் எழுதினேன். எடது கையால எழுதினேன். அரிமளத்துக்குப் போயிப் பெட்டியில போட்டேன்."

இந்தத் தடவை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. கிரேக்கப் பேராசிரியர், இவ்வளவு நுணுக்கமான கற்பனை ஒரு குமாஸ்தாவுக்கு எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். நன்றியுரை சொன்னவர், ஹெட்கிளார்க்கின் பேச்சுதான் இன்றைய கூட்டத்திலேயே சிறந்தது என்றார். சந்தனம் கொடுத்தார்கள், சோடா குடித்தார்கள். தீர்மானத்தை வாசிக்கவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சபை கலைந்த பிறகும் நாகராசு ரிஜிஸ்தரோடு அங்கேயே நின்றார். சொர்ணவல்லி எழுந்து முன்னால் வந்தாள். பதினாலு வருஷமாக அவர் அவளை எதிரில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிப் போகிறவர்.

"சித்தி, அதை நான்தான்..."

"தெரியும்ப்பா. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததுமே சொல்லிட்டாரு. வேற எவனாச்சும் எழுதியிருந்தா மொதப் பேரே ஒம் பேராத்தானே இருக்கும்? கோவமான கோவம் அவருக்கு. 'ஒரு பட்டியல் ஒழுங்காப் போடத் தெரியல, இவனெல்லாம் ஹெட்கிளார்க்கு வேலை பாக்கப் போறான்'னு திட்டிக்கிட்டே சாப்பிட்டாரு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? ஒனக்கு மனசு உறுத்தி, அந்த ஞாயித்துக்கெழமை நீ வருவேன்னு ஒரு எலை கூடப் போடச் சொன்னாரு. போட்டேன். நீதான் வரல."

நாகராசு பொது இடம் என்று பார்க்காமல் அழுதார். சொர்ணவல்லி அழவில்லை. அவளுக்கு வீடு திரும்ப வேண்டிய கவலை, கால் வலித்தது.

வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. நாகராசு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஆபீஸ் பூட்டைத் திறந்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 1938-இல் 614-ஆம் நம்பர் கடுதாசியை எழுதியது தான்தான் என்று நாலு வரி எழுதினார். வலது கையால் கையெழுத்துப் போட்டார். கைதட்டிவிட்டு மறந்துவிட முடியாத இடம் ஒன்று அந்தக் கல்லூரியில் இருந்தது. அந்த வருஷத்துத் தபால் ரிஜிஸ்தரைப் பிரித்து, தன் காகிதத்துக்கு நம்பர் போட்டார். 431. அனுப்பியவர், கே. நாகராசு.

பிறகு வாசலில் நின்ற செவந்தியைப் பார்த்து, "ஃபாரத்தக் குடுங்க ஆத்தா" என்றார்.

"தேதி முடிஞ்சு போச்சுன்னீங்களே?"

"வந்த காகிதத்துக்கு நம்பர் போடணும். மத்ததைத் திங்கக்கெழமை நான் பாத்துக்குறேன்."

432. குறிப்பில், 'வெள்ளிக்கிழமை புறப்பட்ட விண்ணப்பம், பஸ் நின்றதால் ஒரு நாள் தாமதம்' என்று எழுதினார். தள்ளுவதாக இருந்தால் பிரின்சிபால் இனிக் காரணம் எழுத வேண்டும். கார்டியன் கட்டம் வந்தது. தன் பெயரை எழுதினார். உறவுமுறை என்ற கட்டத்தில் 'சி' என்று ஆரம்பித்தவரைத் தோளுக்குப் பின்னாலிருந்து திருப்பதி நிறுத்தினான்.

"நீங்களும் சித்தப்பாங்களா?"

"அதெப்படி?" என்றாள் சொர்ணவல்லி. "இவன் எங்க வீட்டு மூத்த பிள்ளையில்ல? முறைன்னு ஒண்ணு இருக்கு. இந்தப் பொண்ணுக்கு இவன் அண்ணன்தான் ஆகணும்."

நாகராசு எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'அண்ணன்' என்று தமிழில் எழுதினார். மை உலரட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் செவந்தியிடம் சொன்னார்.

"திங்கக்கெழமை பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க. வார வழியெல்லாம் 'அண்ணன், அண்ணன்'னு கூப்பிட்டுப் பழகிட்டு வரச் சொல்லுங்க. பிரின்சிபாலுக்கு முன்னால 'சார்'னு ஒளறிடக் கூடாது."